முப்பத்தாறு வாரம், ஒரே பெட்டி

நள்ளிரவில் தொடங்குகிறது என் வேலை.
ஏரிக்கரைச் சாலையில் பனியைத் தள்ளிக்கொண்டே
மகளுக்குப் பாடத்திட்டம் தேடுகிறேன்.
தள்ளியதெல்லாம் முதுகுக்குப் பின்னால்
மறுபடி விழுந்துகொண்டிருக்கிறது.
அதற்கும் சேர்த்துத்தான் சம்பளம்.

எங்கள் ஊர்ப் பள்ளியை மூடிவிட்டார்கள்.
அடுத்த ஊருக்குப் பேருந்தில் ஒரு மணி நாற்பது நிமிடம்.
ஐலாவுக்கு ஒன்பது வயது. ஏழு நாள் போனாள்.
எட்டாம் நாள் பூட்ஸ் கயிற்றைக் கட்டாமல்
படியில் உட்கார்ந்துகொண்டு,
"பஸ்ல இருக்கும்போது நான் யாருமே இல்லப்பா" என்றாள்.
அதற்கு மேல் நான் விளக்கம் கேட்கவில்லை.

மேசையில் மூன்று மாதிரிப் பக்கங்கள்.
முதலாவதில் ஒரு திரை பேசும், பிள்ளை கேட்கும்.
விலை குறைவு. அதுவும் ஒரு பேருந்துதான்.
இரண்டாவதில் வெயில் விழும் ஜன்னலோரம்
ஒருத்தி மெழுகில் பறவை பிடிக்கிறாள்;
அந்த வீட்டில் யாரும் வேலைக்குப் போவதில்லை.
மூன்றாவதில் எல்லாமே இருந்தது:
கணக்கு, வரலாறு, கையெழுத்து,
அவரை விதை, அது முளைக்கப் பஞ்சு,
பஞ்சை நனைக்க விரல் நீளக் குழாய்.
நான் பேச வேண்டியதுகூடத் தடித்த எழுத்தில்:
இப்போது குழந்தையைப் பாராட்டவும்.
உள்ளே எங்கோ சுருக்கென்றது.
ஆறுதலாகவும் இருந்தது, பொய் சொல்வானேன்.
காலை எட்டரைக்கு வீடு திரும்பி
காலுறையில் பனி உருக நிற்பவனுக்கு
அடுத்த வாக்கியத்தை யாரோ எழுதி வைத்திருந்தால்
வேண்டாமென்றா சொல்லத் தோன்றும்?

மார்லீஸ் இரும்புத்தாதுக் கப்பலில் சமையல்காரி.
ஏரி உறையும் இரண்டரை மாதம்தான் வீட்டில்.
சிக்னல் கிடைத்த ஒரு மாலையில் அவளிடம் கேட்டேன்.
"எல்லாமே ஒரே பெட்டியிலயா?
அப்படி எழுதின சூப் டின்னையெல்லாம்
நான் ருசி பார்த்திருக்கேன், ரேமண்ட்.
வாங்கு. ஆனா உப்பு..."
அதோடு தொடர்பு அறுந்தது.
உப்பு அதிகமா, குறைவா?
இரண்டு இரவு, அறுபது மைல் சாலை முழுக்க
அதையே யோசித்துவிட்டு வாங்கினேன்.

பதினேழு கிலோ. தூக்கி வந்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது.
முதல் பக்கத்தில் 'செப்டம்பர், வாரம் ஒன்று, நாள் ஒன்று'.
எங்கள் சுவரில் டிசம்பர் ஒன்பது.

நான் தூங்கி எழுவதற்குள்
ஐலா அட்டவணையைக் கத்தரித்திருந்தாள்.
முப்பத்தாறு துண்டுகள், மூன்று குவியல்.
கதை சொல்ல வேண்டியவை அம்மாவுக்கு,
ஏரி உறைந்த பின்.
வெளியே போய் அளக்க வேண்டியவை எனக்கு,
மே மாதம், சாலை தெரிகிற காலத்தில்.
மூன்றாம் குவியல்தான் பெரியது.
இது யாருக்கு என்றேன்.
"நீங்க தூங்குற வாரம்" என்றாள்.
குற்றமாகச் சொல்லவில்லை.
பென்சில் சீவிக்கொண்டே,
நாளைக்குக் குளிர் என்று சொல்வதுபோல.

நேற்று இரவு புயல். விடிகாலை நான்கு மணிக்கு
வண்டிக்குள் தனியாகச் சொல்லிப் பார்த்தேன்,
பின்னத்துக்கான என் வசனங்களை:
ஒரு அப்பத்தை நான்காகப் பங்கிட்டால்...
கண்ணாடித் துடைப்பான் இடையிடையே வெட்டியது.

வீட்டுக்கு வந்தபோது பாடம் முடிந்திருந்தது.
அவளே கேட்டிருக்கிறாள், அவளே பதில் சொல்லியிருக்கிறாள்.
கதவருகே நின்றேன், கையுறையைக் கழற்றாமல்.
தடித்த எழுத்து வந்த இடத்தில் விரல் வைத்து
"ரொம்ப நல்லாப் பண்ணின, ஐலா" என்று
சத்தமாகத் தனக்கே சொல்லிக்கொண்டு
அடுத்த பக்கம் திருப்பினாள்.

பிடிக்காவிட்டால் முப்பது நாளுக்குள்
அதே பெட்டியில் திருப்பி அனுப்பலாமாம்.
இன்று இருபத்தொன்பது.
பெட்டியில் பூனை தூங்குகிறது.
பக்கவாட்டில் அதற்கொரு ஜன்னல் வெட்டியிருக்கிறாள்,
நான்கில் மூன்று பங்கு திறந்தபடி.