பயிற்சி ஏழு

பஹாவ் ஆலையின் தராசு மேடையில்
இரவு ஷிப்ட் எனக்கு.
இரண்டு லோரிகளுக்கு நடுவே கிடைக்கும் நேரத்தில்
எடைச்சீட்டின் பின்புறம் ஸ்பானிஷ் எழுதிப் படிக்கிறேன்.
ஆகஸ்டில் குவாதமாலாவுக்கு ஆள் எடுக்கிறார்களாம்.
அங்கேயும் செம்பனைதான்,
அங்கேயும் குலைகளை யாராவது எடைபோட வேண்டும்.

பாடத்தின் பெயர் நிறைவுறா இறந்தகாலம்.
ஒருமுறை நடந்து முடிந்ததற்கு வேறு வடிவம்.
இது, நடந்துகொண்டே இருந்ததற்கு,
வழக்கமாய் இருந்ததற்கு.
அடங்காத வினைகள் மூன்றே மூன்று.
மற்றதெல்லாம் சொன்னபடி கேட்கும்:
வாலை நறுக்கு, ஆபா ஒட்டு, இல்லை ஈயா ஒட்டு.
இவ்வளவு ஒழுங்கை
ஷிப்ட் அட்டவணையில்கூட நான் கண்டதில்லை.

காந்தாபா.
பாடினேன் என்றாலும் அதுதான்,
பாடினாள் என்றாலும் அதுதான்.
பாடியது லோகேஸ்வரி, குளியலறையில், தப்புத் தப்பாக.
நான் ஒருநாளும் வாய் திறந்ததில்லை.
ஆனாலும் அந்தச் சொல் என்னையும் இழுத்து
ஈரத்தலையோடு அவள் பக்கத்தில் நிறுத்திவிடுகிறது.

எஸ்பெராபா.
காத்திருந்தேனா, காத்திருந்தாளா?
நம்புவதற்கும் இதே சொல்தான் என்கிறது அகராதி.
ஆக, நாலு அர்த்தம்.
சூழலைப் பார்க்கவும் என்று போட்டிருக்கிறது.
சூழல்:
அவள் ஜொகூர் பாலம் தாண்டிப் போய் மூன்று வருடம்.

காவலுக்கு இருக்கும் ஹம்டான் சிரிக்கிறார்.
அவர் மொழியில் வினைக்கு வாலே கிடையாது.
முன்னால் ஒரு 'டூலு' போட்டால் போதும்,
எல்லாம் பழசாகிவிடும்.

பயிற்சி ஏழு: உங்கள் வீட்டில் வழக்கமாக என்ன நடந்தது?
முதலில் தமிழில் எழுதிக்கொண்டேன்.
லோகா ஐந்தரைக்கே எழுவாள்.
கோப்பியை ஆற்றாமல் குடிப்பாள்.
சாவியைத் தேடுவாள், என்னைத் திட்டுவாள்,
கையிலேயே வைத்திருப்பாள்.

எழுதி முடித்த பிறகுதான் கண்ணில் பட்டது.
முடிந்துபோன வழக்கத்தைச் சொல்ல
நாம் வருங்காலத்தின் சட்டையை அல்லவா
எடுத்து மாட்டிக்கொள்கிறோம்.

சன்னாசி லோரியை மேடையில் ஏற்றிவிட்டு
சன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.
ஸ்பானிஷ் புரியவில்லை.
தமிழை விரல் வைத்துப் படித்தார்.
"அட, தங்கச்சி திரும்பி வருதா? எப்போ?"

பதினாலு டன் முன்னூற்றி இருபது, என்றேன்.

அவசரத்தில் அதே சீட்டைத் திருப்பி
முத்திரை குத்திக் கொடுத்துவிட்டேன்.
நாலாய் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போகிறார்,
திருத்தாத விடையை.