அடைப்புக்குறிக்குள் ஓரிடம்

லில்லிபுஷ்பம் ஹார்லிக்ஸ் பாட்டிலில் மண் கொண்டுவந்தாள்.
கடியபட்டணத்தில் அவள் வீட்டு முற்றம்;
கறுப்பு, கொஞ்சம் சிவப்பு, இடையிடையே சிப்பித்தூள்.
மீன்கூடையை வாசலில் இறக்கிவிட்டு
"இதில என்னெல்லாம் உண்டுன்னு
ஒரு பேப்பரில எழுதித் தரணும் டீச்சரே" என்றாள்.
நான் டீச்சர் இல்லை.
பதினொரு மாத ஒப்பந்தம்.
மணவாளக்குறிச்சியில் இந்தத் தராசுக்கும் உலைக்கும் காவல்.

வலுத்த காந்தத்தைத் தாளுக்கு அடியில் ஓட்டினேன்.
கறுப்பு அதன் பின்னால் ஓடியது.
இல்மனைட்.
FeTiO₃ என்று எழுதினேன்.
"மூணு மட்டும் போட்டிருக்கு. மத்ததுக்கு?"
ஒன்று.
ஒன்றை எழுதுவதில்லை.
பெயர் நிற்கிறதே, அதுதான் ஒன்று.

"அப்ப ஆக்சிஜனுக்கு மூணு பங்கா?"
திங்கள்சந்தையில் கூறு போடுகிற கை கேட்கிறது.
தலைக்கு அப்படி. எடைக்கு வேறே.
மூன்று ஆக்சிஜன் சேர்ந்து நாற்பத்தெட்டு;
டைட்டானியம் தனியாளாய் அதற்கு ஒரு பொடி குறைவு;
இரும்பு ஐம்பத்தாறுக்குப் பக்கம்.
"இதுக்கா இவ்வளவு? மூணு சாளையும் ஒரு நெய்மீனும்.
எண்ணி வித்தா ஒரு கணக்கு,
தூக்கி வித்தா வேற கணக்கு."
மோல் என்கிற சொல்லோடு நான்
இரண்டு செமஸ்டர் மல்லுக்கட்டினேன்.

ஊசிமுனையால் தேன்நிற மணிகளை ஒதுக்கினேன்.
மோனசைட்.

(Ce, La, Nd, Th)PO₄

பின்பாதி ஒழுங்கு: பாஸ்பரஸ் ஒன்று, ஆக்சிஜன் நான்கு.
முன்னால்தான் தள்ளுமுள்ளு.
புத்தளம் உப்பளத்தில் இந்த வம்பு கிடையாது.
சோடியத்துக்கு ஒரு குளோரின்,
மழைக்கு முந்தியும் அப்படி, பிந்தியும் அப்படி.
மாறா விகித விதியை எழுதி
முழு மார்க் வாங்கியவள் நான்.
என் சொந்தக் கரை அதற்குக் கையெழுத்துப் போடவில்லை.

காற்புள்ளிமேல் விரல் வைத்தாள்.
செதில் ஒன்று அங்கே ஒட்டிக்கொண்டது.
"இது என்ன, தூண்டில் மாதிரி?"
இருப்பது ஓரிடம், ஏறுவது இவர்களில் யாரோ என்று அர்த்தம்.
ஷேர் ஆட்டோவில் முன்சீட்டு.
எவர் எத்தனை தடவை என்பது
கரைக்குக் கரை மாறும்.
"கடைசில நிக்கிறது?"

தோரியம்.

கேட்டதும் அவள் முகத்தில் ஒன்றும் புதிதாய் நடக்கவில்லை.
இந்தப் பெயருக்காகத்தான் வந்திருக்கிறாள்;
சாளை, நெய்மீன் என்று
இவ்வளவு தூரம் சுற்றி வந்திருக்கிறாள்.
"எங்க முத்தத்தில எவ்வளவு?"
அதற்கு இந்தத் தராசு காணாது.
வேறு கருவி, வேறு ஊர், வேறு அதிகாரியின் முத்திரை.
அதைச் சொன்னேன்.
வாய்ப்பாடு யார் யார் என்று சொல்கிறது,
எத்தனை என்று கேட்டால்
காற்புள்ளிக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறது;
அதை மட்டும் சொல்லவில்லை.

மாதிரி அனுப்பப் படிவம் கொடுத்தேன்.
பெயர், கதவு எண், கிணறு உண்டா,
வீட்டில் எத்தனை பேர்.
கடைசிக் கட்டத்தைக் காலியாய் விட்டாள்.
"ஒண்ணை எழுத வேண்டாம்னு
நீங்கதானே சொன்னது."
பேனாவை மூடி, சேலையில் கையைத் துடைத்து
கூடையைத் தலைக்கு ஏற்றினாள்.
எனக்குக் கேட்கத் தோன்றியது.
கேட்கவில்லை.

பூட்டுகிற நேரம் வாசல்படியில்
செய்தித்தாளில் பொதிந்து சாளை இருந்தது.
எண்ணவில்லை.
கைப்பழக்கம், பெரிய தராசில் வைத்துவிட்டேன்:
நானூற்றுப் பன்னிரண்டு கிராம்,
தாளோடு.