ஏழாம் இரவு

சாப்பாட்டு மேசையில் வரைபடம்.
நான்கு மூலைக்கும் பாரம் வைத்தோம்:
சீனிப் போத்தல், குகநேசனின் கண்ணாடிக்கூடு,
கால்குலேட்டர், பாதி பிழிந்த தேசிக்காய்.
மருதானையில் இருந்து வரும் எட்டேகால் ரயில்
கடலோரம் வெள்ளவத்தையைக் கடக்கையில்
தொர்தோஞ் ஆறு கொஞ்சம் நடுங்கி
மறுபடி படுத்துக்கொள்கிறது.

எங்கட ஆக்களுக்குப் பிரான்ஸ் என்றால் லாச்சப்பல்.
தென்மேற்கில் யார் இருக்கினம் என்று கேட்கிறார்கள்.
ஒருவரும் இல்லை, அதற்குத்தான் போகிறோம் என்று
சொல்ல முடியுமா?
தவமலர் மச்சாள் பாரிசில் இருந்து எடுத்தாள்.
"என்ர வீட்டில நிக்காமல் ஹோட்டலிலயோ?"
ஓர் இரவு, என்றேன். மூன்று, என்றாள்.
மீன்காரனோடு போல இழுபட்டு
ஒன்றரையில் முடிந்தது.
அரை இரவை எங்கே வெட்டுவது என்று
இன்னும் தெரியவில்லை.

பொர்தோவில் மூன்று. பிறகு கார்.
காலி வீதியில் இருபது வருடம்
இடப்பக்கம் ஓட்டிய மனிதர்
தேத்தண்ணீர்க் கோப்பையை வலப்பக்கமாய் ஓட்டி
சுற்றுவட்டத்தில் திரும்பிப் பார்க்கிறார்.
சீனிப் போத்தலில் முட்டுகிறது.

சார்லாவில் இரண்டு; சனிக்கிழமைச் சந்தை தவறக்கூடாது.
துலூஸில் இரண்டு.
பியாரிட்ஸை நான் வெட்டினேன்:
கடல் இங்கேயே இருக்கிறது,
ஐந்து நிமிட நடை, காசும் இல்லை.
பல் தேய்த்துவிட்டு வந்து பார்த்தால்
பென்சிலில் திரும்ப எழுதியிருந்தார்,
பியாரிட்ஸ், இரண்டு, என்று
சின்ன எழுத்தில்.

பம்பலப்பிட்டி விசாக் கந்தோரில் ஒரு பெடியன், றிஸ்மி,
விரல் நுனியால் எங்கள் தாளை மேய்ந்து
ஓரிடத்தில் நின்றான்.
"ஏழாவது இரவு வெறுமையாக் கிடக்கு, மெடம்.
ஒவ்வொரு இரவுக்கும் கூரை காட்டோணும்."

அவனுக்கு இருபத்துநான்கு இருக்கும்.
எனக்கும் இருந்தது இருபத்துநான்கு,
இதே காலி வீதியில்
ஜன்னல் இல்லாத லொட்ஜ் அறை ஒன்றில்.
ஏன் வந்தாய், எத்தனை நாள், யாரைத் தெரியும்.
சும்மா வந்தேன் என்பது
பதிலாக இருக்கவில்லை அப்போது.
பொலிஸ் பதிவுத் துண்டை
தலையணை உறைக்குள் வைத்துப் படுத்தேன்,
சப்பாத்துச் சத்தம் எந்தக் கதவில் நிற்கும் என்று
படிகளை எண்ணிக்கொண்டு.
ஒரு விடியலில் பஸ் வந்து சிலரை ஏற்றிப் போனது.
அடுத்த அறை அன்னபுஷ்பம் அக்காவின்
நீலச் சட்டை
மூன்று நாள் கொடியிலேயே காய்ந்தது.
நான்காம் நாள் மழை.

"வருகையின் நோக்கம்" என்ற இடத்தில்
உல்லாசம் என்று நிரப்பச் சொன்னான் றிஸ்மி.
நிரப்பினேன்.
கை கொஞ்சம் கோணியது, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து தேடினோம்.
சார்லாவுக்கும் துலூஸுக்கும் நடுவில்
வரைபடத்தில் தேசிக்காய்ச் சாறு பட்ட இடத்தில்
ஒரு சிற்றூர்; ஒரு பண்ணைவீடு; மேல்மாடி அறை.
எழுதிக் கேட்டேன்: இரவு பத்தாகலாம், பரவாயில்லையா?
ஓடில் என்ற பெண் மறுநாள் பதில் போட்டாள்.

நாங்கள் ஒன்பதுக்கே தூங்கிவிடுவோம்.
சாவி மூன்றாவது பூச்சாடிக்குக் கீழே.
நாய் குரைக்கும், கவனிக்க வேண்டாம்.
சூப் அடுப்பில் இருக்கும்.

இரண்டு தரம் வாசித்தேன்.
ஏன் என்று இல்லை.
எத்தனை நாள், யாரைத் தெரியும், ஒன்றும் இல்லை.
கதவின் அந்தப் பக்கம் உள்ளவர்கள்
நான் வருவது தெரிந்தும்
தூங்கப் போகிறார்கள்.

"என்னவாம்?" என்றார் குகநேசன்.
ஐம்பத்தெட்டு யூரோ, காலைச் சாப்பாட்டோடு, என்றேன்.
குரல் ஏன் அப்படி வந்தது என்று கேட்காமல்
அவர் கால்குலேட்டரைத் தட்டினார்,
பெருமூச்சு விட்டார், ஏழாம் இரவில் பேனாவால் எழுதினார்.

பிறகு விளக்கணைத்துக் கனநேரம் கழித்து
இருட்டுக்குள் இருந்து கேட்டார்:
"மூன்றாவது சாடி என்றால்
எந்தப் பக்கத்தில் இருந்து எண்ணுறது?"