பேரேடு

மாசக் கடைசி. பொகவந்தலாவையில் மழை.
ஸ்டோரில் உருளைகள் நின்ற பிறகும்
என் மேசைக்கு மட்டும் விளக்கு.
குழுமம் ஆப்பிரிக்காவில் தோட்டம் வாங்கியதிலிருந்து
எனக்குப் பேரேடு இரண்டு,
சம்பளம் ஒன்று.

குழுமம் என்று இப்போதுதான் சொல்கிறார்கள்.
முதலில் அது ஒரு லொறி,
தேயிலைப் பெட்டிக்கு ஆணி அடித்த ஒரு கொட்டகை.
பிறகு அட்டனில் பெட்ரோல் செட்,
ஆற்றை மறித்துச் சின்னதாய் ஒரு மின்நிலையம்.
பேங்க் மனேஜர் எழுந்து நின்று கை கொடுக்கும்
உயரம் வந்ததும்
எங்கள் குருவிக்கொல்லைத் தோட்டம், குத்தகைக்கு.
அப்புறம் கொழும்பில் ஒரு விருந்தில் தலைவர் சொன்னார்,
இந்த நாட்டுக்குள் இனி வளர இடமில்லை என்று.
அன்றைக்கு எங்கள் ஐந்தாம் நம்பர் மலை
காடேறிக் கிடந்தது.
பன்றி குட்டி போட்டிருந்தது.

மலாவி.
தியோலோ என்று ஒரு மாவட்டம்.
படத்தில் பார்த்தேன்: அதே பச்சை,
அதே குறுக்கு ரோட்டு,
துருப்பிடித்த கூரையில்கூட அதே சரிவு.

ஞானப்பிரகாசத்தை அனுப்பினார்கள், எங்கள் டீமேக்கரை.
ஒரு கை கொழுந்தை அள்ளி முகர்ந்து
இன்னும் எத்தனை மணி நேரம் வாட்ட வேண்டும் என்று
சொல்கிற மூக்கு.
மூக்கை ஏற்றுமதி செய்யப் படிவம் கிடையாது.
தொழில்நுட்ப உதவி என்று பதிந்தேன்,
டொலரில்,
அவருக்கே தெரியாத ஒரு தொகைக்கு.

ராத்திரியில் குரல் அனுப்புவார்.
"பிள்ள, இங்கேயும் குளிருதான்.
சிக்கோண்டின்னு ஒரு மேற்பார்வைக்காரன்,
என்னைவிட நல்லா வாட்டுறான்.
அவனுக்கு நான் என்னத்தப் படிச்சுக் குடுக்கிறது?
தொரைமாருக்குச் சொல்லிறாத."

சொல்லவில்லை.
அடுத்த மாசமும் அதே தொகையைப் பதிந்தேன்.

இந்த மாசம் பிரட்டுக்களத்தில் சத்தம்.
பதினெட்டுக் கிலோவில் ஒன்று குறைந்தாலும்
அரைப் பேர்தான் போடுகிறார்கள் என்று
சந்தனமேரி தராசுக் கொக்கியைப் பிடித்துக்கொண்டாள்.
துரை வந்தார். நல்ல மனுசன், அதட்டத் தெரியாது.
"கம்பனி வெளியில காசு போட்டிருக்கு.
திரும்பி வாற வரைக்கும் கொஞ்சம் பொறுங்க."

அன்றிரவு ஞானப்பிரகாசம்:
"இங்கேயும் வேலைய நிப்பாட்டிட்டாங்க பிள்ள.
நான் சொல்லச் சொல்ல சிக்கோண்டி அவங்க பாஷையில சொன்னான்.
தாய்க் கம்பனி சிலோன்ல கஷ்டத்துல கிடக்கு,
கொஞ்சம் பொறுங்கன்னு.
சொல்லும்போதே நாக்குக் கூசிச்சு.
ஒரு பொம்பள எந்திரிச்சுக் கேட்டா,
தாய்னா, அப்ப பால் குடிக்கிறது யாரு?"

இரண்டு பேரேட்டையும் அருகருகே விரித்தேன்.
இங்கே நட்டம், அங்கே போட்ட முதலால்.
அங்கே நட்டம், இங்கே கட்டிய பெயர்க் கட்டணத்தால்.
எங்கள் மலையின் பெயரைப் பெட்டியில் அச்சடிக்க
அவர்கள் கிலோவுக்கு இவ்வளவு தர வேண்டும்,
ஆனால் அது இங்கே வந்து சேரவில்லை.
துபாயில் ஓர் அறைக்குப் போகிறது.
அறையில் ஒரே ஒருவர்,
கடிதத்தின் அடியில் முதலெழுத்து மட்டும் போடுகிறவர்.
அந்தப் பக்கத்தில்
நட்டத்துக்கு ஒரு கட்டமே இல்லை.

எங்களுக்குப் பேர் என்றால் ஒரு நாள் வேலை.
ஆறு நாள் மழையில் நின்று
நாலரைப் பேர் வாங்கியவளின் பெயரை
அன்றுதான் நான் செக்ரோலில் எழுதியிருந்தேன்.

மறுநாள் கொழுந்து நிறுக்கிற நேரம்
சந்தனமேரி கூடையை இறக்காமலே கேட்டாள்:
"அந்தப் பக்கம் ஒரு பேருக்கு எத்தன கிலோ?
அவங்க என்ன கேக்கிறாங்க?"

எனக்குத் தெரியும்.
தாளின் உச்சியில்
தலைமை அலுவலகத்துக்கு மட்டும் என்றிருக்கிறது.
கணக்கப்பிள்ளை பீடி பற்றவைக்கத் திரும்பினார்.
மூன்று தீக்குச்சி நனைந்துபோயிருந்தது.

சுண்ணக்கட்டியை எடுத்தேன்.
தராசுக் கம்பத்தில்,
அவள் கண் உயரத்துக்கு,
இரண்டு இலக்கம்.
சாரல் முதல் இலக்கத்தைக் கரைப்பதற்குள்
அவள் பின்னால் நின்றவளுக்கும்
வாசித்துச் சொல்லிவிட்டாள்.