தொண்ணூறு வினாடி

நாலாம் குறுக்குத் தெருவுக்குக் கரண்ட் வந்துவிட்டது.
வெங்காய லொறிக்கு இன்னும் பில் இல்லை.
திரையில் மூன்று சிவப்பு நட்சத்திரங்கள்
இடமும் வலமுமாய் உலாத்துகின்றன.

"என்னத்துக்குப் பாத்துக்கிட்டு நிக்கிது?"
ஒரு பெயருக்கு, ஹில்மி நானா.

ஸ்வாப்புக்கு ஒவ்வொரு விடியலும் புதுச் சாவி,
கைக்கு வந்த இலக்கங்களை உருக்கி வார்த்தது.
அணைந்தால் மெஷினுக்கே அது தெரியாது.
பூட்டும்போது தன் பழைய பெயரையும் அழித்துவிட்டுப்
பிறகு அந்தப் பெயரையே கூப்பிடுகிறது
தொண்ணூறு வினாடி,
தினமும்,
மரியாதையாக.

நாட்டாமைகள் மூட்டையில் சாய்ந்து பிளேன்டீ குடிக்கிறார்கள்.
ஒருவன் என் விசைப்பலகையையே பார்க்கிறான்.

அழிகிற பெயரை எடுத்துவிட்டு
வட்டைத் துண்டுபோட்ட அன்று விழுந்த எண்ணை எழுதுகிறேன்,
அதை யாரும் தொடுவதில்லை.
'நேற்று விட்ட இடத்திலிருந்து எழும்பு' என்ற வரிக்கு முன்னால்
ஒரு வேலிக்குறி.
சாவி போனபின் எந்த நேற்று?

மறுபடி பூட்.
நட்சத்திரங்கள் வரவில்லை.
பிரிண்டர் கிறீச்சிட, வெளியே லொறி உறுமுகிறது.

"அப்ப ராவு அதுல இருந்ததெல்லாம்?"
போச்சு நானா. போறதுக்குத்தான் அது.

அவர் ஒன்றும் சொல்லவில்லை.
மேசையில் கிடந்த கடன் கொப்பியை மட்டும்
மெல்ல இழுத்துத்
தன் பக்கம் வைத்துக்கொள்கிறார்.