சேத அறிக்கை

காலை ஏழு. புல்லெல்லாம் நனைந்து கிடக்கிறது.
கோட்டையின் பின்சரிவில்
ஒன்பது டன் எஃகு வளையம்,
யாரையோ விழுங்கத் திறந்த வாய் போல...
இல்லை. உவமைக்குப் படிவத்தில் கட்டம் கிடையாது.

எழுதுகிறேன்:
வடக்கு விளிம்பில் புதுக் கீறல், நாலு மில்லிமீட்டர்.
நத்தைத் தடம் ஒன்று, துடைத்தால் போகும்.
பறவை எச்சம், இரண்டு இடம்.
எச்சத்துக்கும் காப்பீடு உண்டு;
ரிகாவில் ஒருவர் இதைப் படித்துக் கையெழுத்திடுவார்.

பத்து மணிக்குப் பள்ளிப் பேருந்து.
வளையத்தைத் தொடாதீர்கள் என்று
நான் கத்திக்கொண்டிருக்க,
மடார்ஸ் என்கிற பையன் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.
கோபுரச் சுவரோடு ஒட்டி நின்று
குண்டு துளைத்த குழிகளில்
ஒவ்வொன்றாய் விரலை விட்டுக்கொண்டிருந்தான்.
முப்பத்தொன்று வரை எண்ணினான்.
அதற்கு மேல் கை எட்டவில்லை.

"இது யார் பண்ணது? பேர்ப்பலகையே காணோமே."

சுட்டது எந்தப் படை என்பதில்
இந்த ஊரில் இன்னமும் இரண்டு கட்சி;
ஒரே ரொட்டிக்கடையில் வேறு வேறு நேரத்துக்கு வருவார்கள்.
என் வேலை எஃகோடு சரி என்றேன்.

ஒரு குழியில் பாசி.
ஒன்றைக் குளவி மண் பூசி அடைத்திருந்தது.
அதை மட்டும் அவன் தொடாமல் விட்டான்.

செல்டீட்டே டீச்சர் விசில் ஊத, போய்விட்டார்கள்.
அளவுகோல் கையில்தான் இருந்தது.
புதுத் தாள் எடுத்தேன்.
முதல் குழி: அகலம் இருபத்தாறு,
ஆழம், ஒரு பையனின் விரல் போகிற மட்டும்.
கலைஞர் பெயர் என்ற கட்டத்தைத் தாண்டி
நிலை என்ற இடத்துக்கு வந்து
'மாற்றமில்லை' என்று எழுதி,
அடித்துவிட்டு,
'குளவிக்கூடு ஒன்று, புதியது' என்றெழுதினேன்.