மூன்று துளை

பேர்ணாம்பட்டு. பள்ளியில் சேர்க்க இன்னும் எட்டு மாதம்.
என் மடியில் ஷூவின் மேல்தோல்,
எதிரே கால் நீட்டி பிரிஸ்கா.
கழித்துப்போட்ட வார்களை மடக்கி
ட வைத்தாள், ப வைத்தாள்.
அ-வுக்கு வார் வளையவில்லை,
என் நூல்கண்டைக் கேட்டாள்.

"ஒரு ஜோடின்னா எத்தனைம்மா?"
"ரெண்டு."
"எத்தனை ரூபாய்?"
குக்கர் கத்தியது, நல்ல வேளை.

ஐந்தரைக்கு ஏஜெண்ட் வண்டி வந்துவிடும்.
அவசரத்தில் தையல் தடம் மாறி,
பிரித்துப் பார்த்தால்
முகப்பில் மூன்று துளை.
மேலே ஒன்று, கீழே இரண்டு.
இந்த ஜோடிக்குக் கூலி கிடையாது,
தோலுக்கும் பிடிப்பார்கள்.

அவள் அதை வாங்கி
ஜன்னலுக்கு நேரே பிடித்தாள்.
கன்னத்தில் மூன்று சொட்டு வெயில்.
"அக்கன்னா!"

அது எதற்கும் உதவாத எழுத்து என்று
போன வாரம்தான் சொல்லியிருந்தேன்.

வாசலில் ஹாரன்.
தோலைத் தர மாட்டேன் என்கிறாள்.